உப்புக்கிடங்கு கொக்கு

நான் இதுவரைக்கும் மூணு வாட்டி செத்திருக்கேன். மூணு வாட்டியும் என் மூஞ்சியப் பெருசா போட்டு, கண்ணீர் அஞ்சலின்னு கொட்டை எழுத்துல அடிச்சு, ரயில்கேட்லேர்ந்து உப்புக்கிடங்கு வரைக்கும் செவுரு செவுரா ஒட்டினானுங்க. 'எங்கள் ஆருயிர் எதிரி சைரன் அம்மா அவர்கள்'னு ஒரு வரி. அதுக்குக் கீழ கும்புடற ரெண்டு கை. மறைவுன்னு போட்டு தேதி போடணும் இல்ல, அந்த எடத்துல தேதி இருக்காது, ஸ்கோர் இருக்கும். மறைவு: 2-0. எங்க ரெண்டு ஃபுட்பால் கிளப்புக்கும் நடுவுல அப்படி ஒரு பழக்கம். எங்க ரயில்கேட் பிரதர்ஸ் தோத்தா அவனுங்க என்னைச் சாகடிப்பானுங்க, உப்புக்கிடங்கு ஸ்போர்ட்ஸ் தோத்தா நாங்க அவங்க கொக்கைச் சாகடிப்போம். எந்தப் பக்கம் யாரு வாயி ஜாஸ்தியோ அவங்கதான் பொணம். கொக்கு நாலு வாட்டி செத்திருக்கான், நான் மூணுதான், அந்தக் கணக்குல எனக்குக் கொஞ்சம் திமிரு கூட உண்டு. நெட்டையா, கழுத்து நீண்டு, செவப்பு ஜெர்சிய மாட்டிக்கினு ஒத்தக் கால மடிச்சு நிப்பான், அதனால கொக்குன்னு நான்தான் பேரு வெச்சேன். நான் வாயத் தொறந்தா மூடின மில்லு கூட தொறந்துக்கும்னு சொல்லி சைரனுன்னு அவன் எனக்கு வெச்சான். இத்தனை வாட்டி செத்துப் பொழச்சவள இன்னிக்கு ஒரு போஸ்டரு ஏன் இந்தப் பாடு படுத்தணும்? மேட்ச் நாலு மணிக்கு. போஸ்டர் மத்தியானமே ஒட்டியிருக்கு. ஆடாத மேட்ச்சுக்கு எவன் சாவான்?

ஷேர் ஆட்டோல வரும்போதுதான் பாத்தேன். பம்ப் ரூம் செவுரு, மைதானத்துக்கு வரும்போதெல்லாம் நான் தாண்டற செவுரு. அதுல கொக்கு. நல்லாப் பாத்தேன்னு சொல்ல முடியாது, ஆட்டோ நிக்கல, பக்கத்துல ஒருத்தி மடியில மளிகைப் பையி, என் கண்ணாடி கைப்பையில. மூஞ்சி தெரிஞ்சுச்சு. பேரு எழுதின எடம் தெரியல. கீழ, மறைவுன்னு போடற எடத்துல, எவனோ ஒரு கட்டையில போறவன் பைக்க நிறுத்தி வெச்சிருந்தான். அந்த பைக்குதான் இப்ப என் உயிர எடுக்குது. அது மட்டும் இல்லன்னா கீழ ஸ்கோரா தேதியான்னு தெரிஞ்சிருக்கும். ஸ்கோரா இருந்தா வெளாட்டு. தேதியா இருந்தா? ச்சீ, வாயக் கழுவு நவமணி. எறங்கி வந்ததும் நேரா எங்க செக்ரட்டரி இன்பராஜப் புடிச்சேன். "டேய், அறிவு இருக்கா ஒனக்கு? மேட்ச் ஆடறதுக்கு மின்னாடியே போஸ்டரு ஒட்டுவியா? அபசகுனம் புடிச்சவனே, நாம தோத்தா இன்னா ஆவும்?"ன்னேன். அவன் ஷூ லேஸு கட்டினு இருந்தான், நிமிந்து கூடப் பாக்கல. "நாங்க ஒட்டலக்கா. அவனுங்களே ஒட்டிக்கினானுங்களோ இன்னவோ. ஒன்னை டபாய்க்கறதுக்கா இருக்கும். நீ போயி ஒன் எடத்துல குந்து, மேட்ச்சப் பாரு"ன்னான். அதான. டபாய்க்கறான். வேற இன்னா? ஆனா போட்டோல வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். எப்பவும் செவப்பு ஜெர்சியில, வாயப் பொளந்துக்கினு கத்தற போட்டோதான் போடுவோம், அது ஒண்ணுதான் எங்ககிட்ட இருக்கு. இதுல வாயி மூடியிருந்துச்சு. கொக்கு வாய மூடி நான் பாத்ததே இல்ல.

என் எடம் கோல்போஸ்ட்டுக்குப் பின்னாடி, ஒடஞ்ச காம்பவுண்டு செவுரு படி மாதிரி நிக்குமே, அங்க. அவனோடது எதிர்க்கோடியில, புங்கமரத்தடியில கெடக்கற சிமெண்ட் பைப்பு. அது மேல ஏறி நின்னுதான் கத்துவான். நடுவுல மொத்த மைதானம். இருபத்திரண்டு பேரு ஓடிக்கினு இருப்பானுங்க, எங்க ரெண்டு பேருக்கும் அது கணக்கே இல்ல. நாங்க அவனுங்க தலைக்கு மேல பேசிக்கினு இருப்போம். இன்னிக்கு பைப்பு மேல யாரும் இல்ல. சரி, மூத்திரம் போயிருப்பான். சரி, லேட்டு. விசில் ஊதி பந்து ஓட ஆரம்பிச்சிடுச்சு, இன்னும் பைப்பு காலி. எனக்குப் புரியாதது இன்னான்னா, அந்தப் பக்கம் கூட்டம் ஜாஸ்தி, நிக்க எடமில்லாம மரத்து வேருல எல்லாம் குந்திக்கினு இருக்கானுங்க, ஆனா பைப்பு மேல ஒருத்தன் குந்தல. வெயிலு சுடும்னா? நெழலுலதான கெடக்குது. மேளம் கூட அடிக்கல. எந்த மேட்ச்சுக்கும் மேளம் இல்லாம வரமாட்டானுங்களே. எல்லாம் ஒரு நாடகம், நான் எழுந்து போயி "ஏம்ப்பா, கொக்கு எங்க?"ன்னு கேக்கணும், கேட்ட உடனே அவன் மரத்துக்குப் பின்னாலேர்ந்து எகிறிக் குதிக்கணும், மேளம் மொழங்கணும், 'சைரன் அழுதுச்சுடா'ன்னு அடுத்த வருசம் வரைக்கும் என்னை ஓட்டணும். பண்ணக்கூடியவன்தான். ஒரு வாட்டி நாங்க அவனைச் சாகடிச்ச அடுத்த ஞாயித்துக்கெழம, கழுத்துல சாமந்தி மாலையப் போட்டுக்கினு, மூக்குல பஞ்சு வெச்சுக்கினு, நேரா என் பின்னாடி வந்து நின்னு "சைரனு, மேல கூட உன் சத்தம் கேக்குது, தூங்க முடியல"ன்னான். நான் அலறின அலறல்ல ரெஃப்ரி ஆட்டத்த நிறுத்திட்டாரு. அந்த மாதிரி ஆளு. நம்பக்கூடாது. கம்முனு குந்து.

கைப்பையில கற்கண்டும் மிளகும் முடிஞ்சு வெச்சிருக்கேன். மேட்ச்சுக்கு மின்னாடி ரெண்டையும் வாயில போட்டு அடக்கிக்குவேன், அப்பதான் தொண்டை தொறக்கும். ஆஸ்பத்திரில ஆயா வேலை பாத்துக்கினு இருந்தவரைக்கும் இது தேவைப்படல, நாளெல்லாம் வார்டுல கத்தினு கெடப்பேன். இப்ப ரிட்டைர் ஆயி வூட்டுல. வூட்டுக்காரரு போயி எத்தனையோ வருசம். பையன் ஓசூருல. போன் பண்ணா "சாப்டியாம்மா"ன்னு கேப்பான், "சாப்ட்டேன்"ம்பேன், "சரி வெச்சிடறேன்"ம்பான். திங்கக்கெழமலேர்ந்து சனிக்கெழம வரைக்கும் என் வாயிலேர்ந்து வர்றதெல்லாம் சேத்தா ஒரு உள்ளங்கையில அடங்கிடும். கேஸ் சிலிண்டர் போடறவன்கிட்ட நாலு வார்த்தை. டிவி சீரியல்ல வர்ற மாமியாக்காரியத் திட்டறது ஒரு நாலு. அவ திருப்பிப் பேசமாட்டா, அதான் கொறை. ஞாயித்துக்கெழம மொத சத்தம் போடும்போது தொண்டை கரகரன்னு துரு புடிச்ச மாதிரி இருக்கும். எங்க கிளப்பு மேட்ச் இல்லாத வாரத்துல கூட நான் வருவேன், உப்புக்கிடங்கு தோக்கறதப் பாக்க. அவனும் அப்படித்தான், நாங்க தோக்கறதப் பாக்க வருவான். ரெண்டு பேரும் தோக்கறதப் பாக்கத்தான் வர்றோம்னு ஊரே சொல்லும். கற்கண்டு கரைஞ்சிடுச்சு. எழுந்து நின்னு, ரெண்டு கையையும் வாய்க்குக் குவிச்சு, "ஏ கொக்கூ! இன்னாடா, மீனு கெடைக்கலன்னு பறந்துட்டியா?"ன்னு வுட்டேன். மைதானம் பூரா போச்சு. எங்க பசங்க சிரிச்சானுங்க. அந்தப் பக்கம் ஒருத்தன் ரெண்டு பேரு தலையத் தூக்கி என்னைப் பாத்தானுங்க. திரும்பக் குனிஞ்சுக்கினானுங்க. ஒருத்தனாவது திட்டியிருக்கலாம். நான் நின்னுக்கினே இருந்தேன், கையி அப்படியே குவிஞ்சு இருந்துச்சு, அப்புறம் குந்திட்டேன்.

எதுக்குக் குனிஞ்சானுங்க? சிரிப்ப அடக்கறதுக்கு. ஆமா, சிரிப்பு வந்தா குனிவாங்க. பந்து அந்தாண்ட போவுது, இந்தாண்ட வருது, எங்க பத்தாம் நம்பரு ஒரு நல்ல சான்ஸ வானத்துக்கு அடிச்சான், எல்லாரும் தலையில கை வெச்சானுங்க, நானும் வெச்சேன், ஏன் வெச்சேன்னு எனக்கே தெரியல. கர்ப்பப்பை ஆப்பரேசன் ஆச்சே, அந்த வருசம் நெனப்புக்கு வருது. நாலஞ்சு வாரம் நான் மைதானத்துக்கு வரல. திரும்பி வந்த அன்னிக்கு, மெதுவா நடந்து வந்து இதே செவுத்துல குந்தறேன், அந்தப் பக்கத்துலேர்ந்து கத்தறான்: "ஏ சைரனு! நீ செத்துட்டதா சொன்னானுங்க, நானு சரவெடி வாங்கி வெச்சிருந்தேன், காசு வேஸ்ட்டாப் போச்சே!" ஆஸ்பத்திரில ஆப்பிளு வாங்கினு வந்து பாத்தவங்க, ஜெபம் பண்ணவங்க, ஒருத்தரும் குடுக்காத தெம்ப அந்த ஒரு வார்த்தை குடுத்துச்சு. தையலு இழுக்க இழுக்க சிரிச்சேன். அப்புறம்தான் இன்பராஜ் சொன்னான். நான் வராத மொத வாரம் கொக்கு கோட்டத் தாண்டி எங்க பக்கம் வந்தானாம். மேட்ச் நடக்கும்போது ஒரு பக்கத்துக்காரன் மறு பக்கம் வரக்கூடாது, வந்தா அடிவிழும், அது சட்டம். வந்து, கோல்போஸ்ட்டப் புடிச்சுக்கினு நின்னு, "அந்தம்மா எங்கப்பா?"ன்னு கேட்டானாம். எங்க பசங்களுக்குக் கொழுப்பு, "செத்துட்டாங்க அண்ணே, நாளைக்கு எடுக்கறோம்"னு சொல்லியிருக்கானுங்க. அப்படியே திரும்பிப் போயிட்டானாம். மேட்ச் முடியறவரைக்கும் கூட நிக்கலியாம், அவங்க கிளப்பு ஜெயிச்சுக்கினு இருந்துச்சாம். இன்பராஜ் இத சொல்லும்போது நாங்க எல்லாம் வுழுந்து வுழுந்து சிரிச்சோம். ஏன் இப்ப அது சிரிப்பா வரல? அவன் கேட்டான். ஊரு சிரிக்கும்னு தெரிஞ்சும் வந்து கேட்டான். நான் இந்த ஒடஞ்ச செவுத்துல குந்திக்கினு, மானம் போயிடும்னு, ஒரு பைக்கத் திட்டிக்கினு இருக்கேன்.

ஹாஃப் டைம். கோலு இல்ல. அந்தப் பக்கம் போலாம். நடந்தா ரெண்டு நிமிசம். போயி இன்னான்னு கேக்கறது? எனக்கு அவன் பேரு கூடத் தெரியாது. கொக்கு எங்கன்னு கேக்கணும். நெசமாவே ஏதாவது ஆயிருந்தா, ஒரு மனுசன் பொணமாக் கெடக்கும்போது கொக்குன்னா கேப்பாங்க? பேரு ஏன் கேக்கல நானு? ஒரு நாள் கேட்டிருக்கலாம். வாரநாளு ஒண்ணு, ரயில்கேட்டு மூடியிருக்கு, கூட்ஸு வண்டி முடியவே இல்லாம போயிக்கினு இருக்கு, பக்கத்துல ஒருத்தரு வெள்ளைச் சட்டையில சைக்கிளப் புடிச்சுக்கினு நிக்கறாரு. திரும்பிப் பாத்தா கொக்கு. கிட்டக்க பாத்தா அவ்ளோ நெட்டையில்ல. தலை முழுக்க நரை. அவனும் என்னைப் பாத்துட்டான். என்னவோ ரெண்டு பேருக்கும் வெக்கமாப் போச்சு. மைதானத்துல வாடா போடான்னு கத்தறவ, "வாங்க"ன்னேன். அவன், "வெயிலு ஜாஸ்தி இல்லம்மா"ன்னான். "ஆமாங்க"ன்னேன். அவ்வளவுதான். வண்டி போவுது, போவுது, கடகடன்னு சத்தம், அந்தச் சத்தத்துல பேசவேண்டாம்னு ரெண்டு பேருக்கும் நிம்மதி. கேட்டு தொறந்துச்சு. "வரேம்மா"ன்னு சைக்கிள மிதிச்சுக்கினு போயிட்டான். வூடு வரைக்கும் என்னை நானே திட்டிக்கினு போனேன், வாயாடி வாயாடின்னு பேரெடுத்தியே, ஒரு பேரு கேக்க வாயி வரலியேன்னு. அந்த வெள்ளைச் சட்டை. போஸ்டர்ல இருந்தது அந்தச் சட்டைதான். காலருல கூட அதே மாதிரி... இல்ல, வெள்ளைச் சட்டைன்னா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். எனக்குப் பயமா இருக்கு. அத ஒளிக்கறதுக்கு இன்னா இருக்கு, பயமாத்தான் இருக்கு. அவன் இல்லன்னா நான் ஞாயித்துக்கெழம யாரப் பாத்துக் கத்துவேன்? கத்தறதுக்கு ஆயிரம் பேரு கெடைப்பானுங்க. திருப்பிக் கத்தறதுக்கு?

செகண்ட் ஹாஃப்புல பக்கம் மாறுது இல்ல, உப்புக்கிடங்கு கோலி, அதான் கோல்கீப்பரு, என் முன்னாடி வந்து நிக்கறான். நெட்டுக்கு இந்தாண்ட நான், அந்தாண்ட அவன், கைய நீட்டினா தொட்டுடலாம். எப்பவும் இந்த நேரத்துக்காகக் காத்துக்கினு இருப்பேன். அவன் காதுக்குள்ளயே ஓட்டுவேன், 'தம்பி, ஒங்கம்மா ஒன்னை ஓட்டைச் சல்லடையில பெத்தாளா'ன்னு. சிரிப்பான், நல்ல புள்ள. இன்னிக்கு என் வாயி எழும்பல. அவனும் என்னைத் திரும்பிப் பாக்கல, முதுகக் காட்டிக்கினு நிக்கறான். பந்து நடு மைதானத்துக்கு அந்தாண்ட ரொம்பத் தூரத்துல கெடக்குது. இவன்கிட்ட மெதுவா கேட்டா யாருக்கும் கேக்காது. டபாய்ச்சாலும் இவன் ஒருத்தன்தான் சிரிப்பான். கேளு. கேட்டுடு. நெட்டுல விரல மாட்டிக்கினு, "தம்பி"ன்னேன். திரும்பல. "தம்பி, ஒங்க கொக்கு எங்கப்பா?" தோளு ஒரு ஆட்டம் ஆடுச்சு. அப்பவும் திரும்பல. "இன்னாப்பா, வெளாட்டுதான? போஸ்டரு நீங்கதான ஒட்டினீங்க? சொல்லுப்பா, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்." அப்ப திரும்பினான். கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. "ஒட்டினது நாங்கதாம்மா. ஒங்க கண்ணுல படணும்னுதான் அந்தச் செவுத்துல ஒட்டினோம். ஒங்க வூடு எங்க இருக்குன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியல. துளசிங்கம் மாமா செவ்வாக்கெழம போயிட்டாரும்மா. நெஞ்சு வலி." நான் அவன் மூஞ்சியப் பாக்கறேன். அவன் என் மூஞ்சியப் பாக்கறான். அவன் தோளுக்கு மேல ஏதோ வெள்ளையா வருது, ஒரு வாட்டி தரையில பட்டு எகிறி, அவன் தலையத் தாண்டி, நான் விரல மாட்டிக்கினு இருந்த நெட்டு என் கையத் தள்ளிக்கினு என் பக்கம் உப்புது. கோலு. எங்க பத்தாம் நம்பரு பாதி மைதானத்துலேர்ந்து ஒதச்ச பந்து. கோலி திரும்பி நின்னதப் பாத்து ஒதச்சிருக்கான்.

எங்க பக்கம் பூரா எழுந்து குதிக்குது. எவனோ என் தோளப் புடிச்சு ஆட்டறான். "அக்கா! கோலியப் பேச்சுக் குடுத்தே திருப்பிட்டியேக்கா! செம்மக்கா நீ!" இன்னொருத்தன் என் காலத் தொட்டுக் கும்புடறான். ரெஃப்ரி விசில ஊதி நடுக்கோட்டக் காட்டறாரு, கோலு குடுத்துட்டாரு. அந்தப் புள்ள கோலி நெட்டுக்குள்ள போயி பந்த எடுத்தான், என்னை ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கத்துலேர்ந்து கூட ஒருத்தனும் கத்தல. நான் திருடலப்பா, நெசமாத்தான் கேட்டேன்னு சொல்லணும், ஆனா யாருகிட்ட சொல்றது, கேக்கறதுக்கு அவன் இல்லியே. அவன் இருந்தா பைப்பு மேல நின்னு கிழிச்சிருப்பான், 'ஏ சைரனு, ஒங்க டீமு ஓடி கோலு போடாது, நீ ஒப்பாரி வெச்சாத்தான் போடும்'னு. ஐயோ, அது அவன் கொரலுலயே காதுல கேக்குதே. நான் செத்தேன்னு சொன்னப்ப அவன் மேட்ச்சு முடியாம எழுந்து போனான். எங்க போனான், எப்படிப் போனான், ரயில்கேட்டு மூடியிருந்தா தனியா நின்னானா, அவனுக்குச் சாப்பாடு போட வூட்டுல யாராச்சும் இருந்தாங்களா, ஒண்ணும் தெரியாது எனக்கு. செவ்வாக்கெழம. செவ்வாக்கெழம நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்? டிவியில அந்த மாமியாக்காரியத் திட்டிக்கினு இருந்தேன். ஞாயித்துக்கெழமைக்கு இன்னா சொல்லிக் கத்தலாம்னு மனசுக்குள்ள ஒத்திகை பாத்துக்கினு இருந்தேன். மீனு கெடைக்கலன்னு பறந்துட்டியான்னு. அதத்தான் கத்தினேன் இன்னிக்கு, ரெண்டு கையையும் குவிச்சு, அவனை மண்ணுல வெச்சுட்டு வந்தவங்களப் பாத்து.

கடைசி விசிலு எப்ப ஊதினாங்கன்னு தெரியல. கூட்டம் கலையுது. இன்பராஜ் வேர்த்து வழிய ஓடி வர்றான், போனக் கையில வெச்சுக்கினு. "அக்கா, பிரிண்டிங் பிரஸ்ஸு ஆளு லைன்ல இருக்கான். கண்ணீர் அஞ்சலி ராத்திரிக்குள்ள அடிச்சிடலாம்னான். கொக்கு இன்னிக்கு வரல போல, பரவால்ல, அவரோட பழைய போட்டோவே போட்டுடவா?" நான் அவனைப் பாத்தேன். இவனுக்குத் தெரியாது. ஒருத்தனுக்கும் தெரியாது, எல்லாரும் குதிச்சுக்கினு இருந்தானுங்க. "வேணாம்"னேன். "அப்ப யாரு போட்டோக்கா?" "என் போட்டோவப் போடு." சிரிச்சான். "இன்னாக்கா, ஜெயிச்சது நாம, தோத்தவங்களைத்தான போடுவோம்." "தோத்தது யாருன்னு எனக்குத் தெரியும்டா. என்னுதப் போடுன்னா போடு." சிரிப்பு நின்னு போயி, என் மூஞ்சியையே பாத்தான். அப்புறம் அந்தப் பக்கம் பாத்தான், அங்க ஆளுங்க ஒவ்வொருத்தரா சிமெண்ட் பைப்பத் தொட்டுட்டுப் போயிக்கினு இருந்தாங்க. போன காதுலேர்ந்து எறக்கிட்டான். "எங்கக்கா ஒட்டறது?"ன்னு மெதுவாக் கேட்டான். "பம்ப் ரூம் செவுத்துல, அவரு பக்கத்துல. ஆனா நெருக்கி ஒட்டாத, எடம் வுட்டு ஒட்டு. அவரு பேரு மறையக்கூடாது." "அவரு பேரு இன்னாக்கா?" கற்கண்டு எல்லாம் தீந்து போச்சு, தொண்டை பழையபடி கரகரன்னு இருந்துச்சு. "துளசிங்கம்"னு சொன்னேன்.